இடது ஓரத்துக் கூண்டுகள்

கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்த கையோடு அவள் விடை சொல்லிவிடுவாள். மற்றவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு திருகை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த தகட்டை எடுத்திருப்பாள். அதனால் ஆய்வகத்தில் அவளுக்குத் 'தீர்ப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டதால் முன்னாலும் வந்துவிட்டது.

அவள் படித்தது பெண் சுண்டெலிகளின் உடம்பை. தினமும் காலையில் ஒவ்வொரு எலியின் பிறப்புறுப்பிலும் ஒரு சொட்டு உப்புநீரை விட்டு, அதே சொட்டைத் திரும்ப உறிஞ்சித் தகட்டில் பரப்பி, நீலச் சாயம் ஏற்றிப் பார்ப்பாள். காய்ந்த சருகைக் கொட்டினாற்போல் தட்டைத் தட்டையாகச் செல்கள் கிடந்தால் எலி சினைப்பருவத்தில் இருக்கிறது. கடுகைச் சிதறினாற்போல் வெள்ளணுக்கள் மட்டும் கிடந்தால் ஓய்வில் இருக்கிறது. நல்ல உடம்புள்ள எலிக்கு நாலைந்து நாளுக்கு ஒரு முறை சருகு வந்துவிட வேண்டும். வராமல் கடுகே நீடித்தால் சினைப்பை வேலையை நிறுத்திவிட்டது என்று பொருள்.

கேள்வி எளிமையானது. துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை, ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரம் துகள் வரிசைகட்டி நிற்கும் அளவுக்குப் பொடித்து, முகப்பூச்சிலும் வண்ணப்பூச்சிலும் ரப்பரிலும் சேர்க்கிறார்கள். அந்த நுண்துகள் பெண் உயிரின் சினைப்பையை என்ன செய்கிறது? எலிகளை நான்கு கூட்டமாகப் பிரித்தாள். ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். மற்ற மூன்றுக்கும் துகள் கலந்த தண்ணீர், கொஞ்சமாக, நடுத்தரமாக, நிறைய. முனையில் உருண்டை வைத்த வளைந்த ஊசியால் வாய்வழியாக வயிற்றுக்குள் செலுத்துவாள். எலி ஒரு முறை கண்ணைச் சிமிட்டும். அதற்குள் முடிந்திருக்கும்.

நீண்ட இரும்பு அலமாரியில் கூண்டுகளை இடமிருந்து வலமாக அடுக்கியது அவள்தான். இடது ஓரத்தில் வெறும் தண்ணீர்க் கூட்டம், வலது ஓரத்தில் அதிக அளவுக் கூட்டம். வரி வாசிப்பதுபோல் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகலாம், கை தவறாது என்று அப்படி வைத்தாள். கூண்டுக்குக் கூண்டு நிறச்சீட்டும் ஒட்டினாள்.

முடிவும் வரி பிசகாமல் வந்தது. இடது ஓரத்தில் சருகும் கடுகும் மாறி மாறி ஒழுங்காக வந்தன. அடுத்த கூண்டுகளில் கொஞ்சம் தடுமாற்றம். அதற்கடுத்து இன்னும் தடுமாற்றம். வலது ஓரத்தில் கடுகு, கடுகு, கடுகு. வரைபடமாகப் போட்டபோது படிக்கட்டு மாதிரி இறங்கியது.

பேராசிரியர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன இது, வரைஞ்சு வெச்ச மாதிரி இருக்கு?"

"எலிங்க வரைஞ்சது மேடம்."

"நல்லா வரையுதுங்க. மாநாட்டுக்கு அனுப்பிடலாம்."

அன்று மதியமே அவள் தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

தங்கை ஒரு முகப்பூச்சுத் தொழிற்சாலையில் கலவை அறையில் வேலை செய்தாள். அதே வெள்ளைப் பொடியை மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தொட்டியில் கொட்டிக் கிண்டும் இடம். மாலையில் வெளியே வரும்போது கண்ணிமை வெளுத்து மாவு மில்லிலிருந்து வந்தவள்போல் இருப்பாள். கலியாணமாகி ஆண்டுகள் ஓடிவிட்டன, பிள்ளை இல்லை. மருத்துவர்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் குறை ஒன்றும் தெரியவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். குறை தெரியாத இடத்தில் குறை சொல்ல மாமியாருக்கு வசதியாகப் போயிற்று.

"அடியே, அந்த வேலைய விட்டுடு," என்றாள் எடுத்த எடுப்பில். "பொடிதான் காரணம். என் எலிங்களுக்கு அப்படியே சுழற்சி நின்னு போச்சு."

மறுமுனையில் கலவை இயந்திரத்தின் பேரிரைச்சல் கேட்டது. அதன் நடுவே தங்கை கேட்டாள். "உறுதியா சொல்றியா அக்கா?"

"நான் என்னிக்குடி உறுதியில்லாம சொல்லியிருக்கேன்?"

"என்னை இப்பதான் கலவைப் பிரிவுக்கு மேற்பார்வை பாக்கச் சொல்லியிருக்காங்க. பொம்பளைய அந்த நாற்காலியில உக்கார வெக்கறது இதுதான் முதல் தடவை. பரவாயில்ல. மாசக் கடைசித் திங்கட்கிழமை எழுதிக் குடுத்துடறேன்." பிறகு சின்னக் குரலில் கேட்டாள். "அப்ப என் மேல தப்பில்லதானே?"

"உன் மேல என்னடி தப்பு இருக்கு?"

தங்கை அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எதுவானாலும் ஒரு பாரம் இறங்கிய சத்தம் அது. அன்றைக்கே தங்கை அதைக் கணவனிடம் சொல்லி, கணவன் தன் அம்மாவிடம் சொல்லி, அந்த வீட்டில் வெகுநாளாக ஓயாமல் இருந்த ஒரு வாய் ஓய்ந்தது.

இதற்கிடையில் எலி அறையில் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அவளோடு வேலை பார்க்கும் ஓர் ஆய்வாளன் ஆண் சுண்டெலிகளை வைத்து விந்தணு எண்ணுகிறவன். அவனுடைய அறையில் குளிரூட்டி பழுதாகிவிட்டதால், தன் கூண்டுகளைச் சக்கரம் வைத்த தாங்கியோடு தள்ளிக்கொண்டு வந்து அவளுடைய அலமாரியின் இடது ஓரத்தில் நிறுத்திவிட்டான். நாலு நாள் என்றான். பல வாரமாயிற்று. ஆண் எலியின் சிறுநீர் வாடை ஆளைத் தூக்கும். உள்ளே நுழைந்தாலே கண் கரிக்கும்.

"மாப்பிள்ளைங்களை எப்ப கூட்டிட்டுப் போறே?" என்று தினமும் கேட்பாள்.

"பொண்ணு வீட்டுல இவ்ளோ அவசரம் ஆகாது தீர்ப்பக்கா. விருந்தாளியைத் துரத்தறது பாவம்."

"விருந்தும் மருந்தும் மூணு நாள்தான்டா. மூக்கு எரியுது, கூட்டிட்டுப் போ."

அவன் அசையவில்லை. அவள் பராமரிப்புப் பிரிவு வரைக்கும் நடந்து, அங்கே உட்கார்ந்திருந்தவரின் மேசை எதிரிலேயே நின்று, குளிரூட்டி சரியாகும்வரை நகரமாட்டேன் என்று சாதித்தாள். மறுநாளே சரியாயிற்று. அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தாங்கியைத் தள்ளிக்கொண்டு போனான். அறை மணத்தது. தான் பிடித்த பிடியில் ஒரு காரியம் நடந்ததில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அடுத்த வாரம் இடது ஓரத்துக் கூண்டுகளில் சருகு குறைந்தது. முதலில் ஒரு எலிக்கு. சாயம் சரியாக ஏறவில்லை என்று நினைத்து மறுபடி ஏற்றினாள். பிறகு அதே கூண்டில் இன்னொன்றுக்கு. வார இறுதிக்குள் வெறும் தண்ணீர் குடித்த எலிகள் அத்தனைக்கும் தகட்டில் கடுகுதான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அவள் எலிகளைப் பார்க்க வருவாள், எலிகளுக்கு ஞாயிறு ஏது. அன்று கடைசித் தகட்டிலும் கடுகையே பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

நேரே கூண்டு கழுவுகிறவரிடம் போனாள். அவர் முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, கூண்டை மாத்தி வெச்சீங்களா? நான் ஊசிக்கு எடுக்கற புட்டி மாறிப்போச்சா?"

"என்னம்மா இது, வந்ததும் வராததுமா?"

"இடது பக்கத்து எலிங்களுக்குப் பொடி போயிருக்கு. வேற வழியே இல்ல."

"வேற வழியே இல்லைன்னா என் வழியா வர்றதா?" அவர் நுரையை உதறினார். "பச்சைச் சீட்டு எலி பச்சைச் சீட்டுலதான் இருக்கு. நம்பாட்டி காது வெட்டைப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் நீங்கதானே அடையாளம் வெட்டினீங்க? காது பொய் சொல்லாது."

பார்த்தாள். ஒவ்வொரு எலியாக வாலைப் பிடித்துத் தூக்கிக் காதைப் பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஊசிக்கு வைத்திருந்த புட்டியில் தண்ணீரும் தண்ணீராகவே இருந்தது.

"தப்பா பேசிட்டேண்ணே," என்றாள்.

"அதை விடுங்க. சாப்பிட்டீங்களா? மூஞ்சி செத்துக் கிடக்கு," என்று சொல்லிவிட்டு அவர் ஈரத் தட்டுகளோடு வெளியே போனார்.

அறையில் அவளும் எலிகளும் மட்டும் இருந்தார்கள். கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். எதையாவது யோசிக்க வேண்டும் என்று நினைத்தாளே ஒழிய ஒன்றும் யோசிக்கவில்லை. எலிகள் மரத்தூளைக் கிளறும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. விசிறியின் இரைச்சல் ஒன்றுதான் மிச்சம். இப்படி உட்கார்ந்தால் அவளுக்கு நேரம் போவது தெரியாது. சின்ன வயதில் அம்மா, "இவ பேசினா வழக்கு, பேசாட்டி கிணறு," என்பாள்.

பார்வை தரையில் இருந்தது. இடது ஓரத்தில் தாங்கியின் சக்கரம் பதிந்த நான்கு குழிவுகள். அவற்றைச் சுற்றிக் கழுவியும் போகாத மஞ்சள் கறை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து விசிறியைப் பார்த்தாள். காற்றை வெளியே இழுக்கும் விசிறி அந்த மூலைக்கு மேலேயே இருந்தது. புதுக்காற்று வருகிற துளை வலது கோடியில் இருந்தது. வலது ஓரத்துக் கூண்டுகளைத் தொட்டுவிட்டு நடுவில் நுழைந்து இடது ஓரத்தில் வெளியேறுகிறது காற்று. அப்படியானால் ஆண் எலிகளின் வாடை யாரைத் தொட்டது? இடது ஓரத்தை முழுசாக. நடுவைக் கொஞ்சம். வலது ஓரத்தைத் தொடவே இல்லை.

பெண் சுண்டெலிகளைக் கூட்டமாக அடைத்து வைத்து, ஆண் வாடையே காட்டாமல் விட்டால் அவற்றின் சுழற்சி தானாக நின்றுபோகும். ஆணின் சிறுநீர் வாடை பட்டால் மறுபடி ஓடத் தொடங்கும். இதை அவள் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடின கதைதான். படிக்கட்டு மாதிரி இறங்கியது பொடி இல்லை, வாடை. தன் கைவசதிக்காக அவள் அடுக்கிய வரிசையின் மேலேயே வாடையும் வரிசையாக இறங்கியிருக்கிறது. அதைத் துரத்தி அடித்ததும் அவள்தான். துரத்தாமல் இருந்திருந்தால் இந்தப் படிக்கட்டு மாநாட்டுக்குப் போய் நிலைத்திருக்கும்.

வெகுநேரம் கழித்து எழுந்தாள். ஆண் எலிகளின் அறைக்குப் போய், விந்தணு எண்ணுகிறவனிடம் பையை நீட்டினாள். "மாப்பிள்ளைங்க படுத்த மரத்தூள் கொஞ்சம் குடு."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "மூக்கு எரியுதுன்னு ஊரைக் கூட்டினது யாரு?"

"நான்தான். இப்ப எரிஞ்சாதான் நல்லது."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் பையில் அள்ளிப் போட்டான். கையுறையோடு ஒவ்வொரு பிடியாக எடுத்து வலது ஓரத்துக் கூண்டுகளில் தூவினாள். அவள் நினைப்பது சரியென்றால், நிறையப் பொடி தின்ற அந்த எலிகளுக்கு இன்னும் சில நாளில் சருகு வரும். வரவில்லையென்றால் பொடி உண்மையிலேயே குற்றவாளி. எதுவானாலும் நாளைக்குள் தெரிந்துவிடாது.

நாளை மாசக் கடைசித் திங்கட்கிழமை, தங்கை எழுதிக் கொடுக்கும் நாள்.

பேராசிரியர் அம்மாளின் வீட்டுக்கு அவள் தொலைபேசியில் பேசினாள். எதையும் பூசி மெழுகவில்லை. அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் கேட்டார். "கூண்டைச் சீட்டுக் குலுக்கி அடுக்கணும்னு முதல் வருஷப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறது யாரு?"

"நான்தான் மேடம்."

"அந்த அலமாரியைத் தினமும் ரெண்டு தடவை நானும்தான் பார்த்தேன். படம் அழகா இருந்துது. அழகு கண்ணை மறைச்சிட்டுது." பெருமூச்சு விட்டார். "மாநாட்டுக்காரங்ககிட்ட நான் பேசறேன். திட்டினா நான் வாங்கிக்கறேன். நீ போய் மறுபடி முதல்லேருந்து யோசி."

தங்கை வீட்டுக்குப் பேருந்தில் போகும்போது வழியெல்லாம் ஒரே யோசனை. சரிபார்க்காமல் ஒரு சொல் சொன்னதில்லை என்பது அவள் பெருமை. வாடைதான் காரணம் என்பதை இன்னும் சரிபார்க்கவில்லை. சரிபார்த்துவிட்டுப் போனால் தங்கையின் நாற்காலி போயிருக்கும். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். காரணம் சொல்லாமல் பொறுக்கச் சொன்னால் அதுவும் இன்னொரு தீர்ப்புதான். வாழ்க்கையில் முதல் தடவையாக, 'தெரியாது' என்ற ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுப் படி ஏறினாள்.

தங்கை சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் உட்கார்ந்து பேச அதுதான் தனி இடம். "என்ன அக்கா, சொல்லாம கொள்ளாம? உக்காரு. கடிதம் எழுதி வெச்சிட்டேன், படிச்சுப் பாக்கறியா?"

"குடுக்காதடி."

மடித்த துணி கையிலேயே நின்றது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அலமாரி, விசிறி, மாப்பிள்ளை எலிகள், நெற்றிக் கண்ணாடி. முடித்ததும் தங்கை கேட்டாள். "அப்ப பொடியில ஒண்ணும் இல்லையா?"

"அப்படியும் சொல்லமாட்டேன். நிறையக் குடுத்தா எலி சினைப்பையில மாறுதல் வருதுன்னு மத்தவங்க பார்த்திருக்காங்க. நான் பார்த்தது அது இல்ல. அதோட, நான் வயித்துக்குள்ள விடறேன், நீ மூச்சுல இழுக்கறே. அது வேற, இது வேற. எலி வேற, நீ வேற. எனக்குத் தெரியாதுடி."

"தெரியாதா?" தங்கைக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் கோணியது. "உன் வாயில அந்த வார்த்தைய நான் கேட்டதே இல்ல." துணியைக் கீழே வைத்தாள். "அப்ப மறுபடியும் என் மேலதானா அக்கா?"

தான் கொடுத்த ஒரு காரணத்தைத் தானே திருப்பி வாங்க வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"காரணம் தெரியலைன்னா தெரியலைன்னுதான் அர்த்தம்," என்றாள். "தெரியாததைத் தூக்கி யார் மேலயாவது வெக்கணும்னு என்ன இருக்கு? நான் பொடி மேல வெச்சேன். உன் மாமியார் உன் மேல வெச்சாங்க. ரெண்டு பேரும் பண்ணினது ஒரே வேலைதான்."

தங்கை எழுந்து, அலமாரித் தட்டிலிருந்து கடிதத்தை எடுத்து, நாலாக மடித்து, ஆடும் மேசையின் காலுக்கு அடியில் செருகினாள். மேசை ஆட்டம் நின்றது.

"ரொம்ப நாளா இதுக்கு ஒரு காகிதம் தேடிட்டு இருந்தேன்," என்றாள்.

"உன் மாமியார்கிட்ட நான் வேணா பேசட்டுமா?"

"நீ பேசினா எரியற தீயில எண்ணெய் ஊத்தின மாதிரி இருக்கும். நானே சொல்லிக்கறேன். மறுபடி ஆரம்பிப்பாங்க. ஆரம்பிக்கட்டும். ஊர் வாய்க்கு மூடி போட என்னால முடியுமா?" கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அந்தத் தொட்டிக்கு மூடி போட முடியும். தெரியாததை எதுக்கு நாங்க மூச்சு மூச்சா இழுக்கணும்? தூசி இழுக்கற குழாய் வேணும், மூடி வேணும், நல்ல முகக்கவசம் வேணும். நாளைக்குக் கேக்கறேன். மேற்பார்வை நாற்காலியில உக்காந்து கேட்டா கொஞ்சம் சத்தமா கேக்கும்."

சில நாளில் வலது ஓரத்துக் கூண்டுகளின் தகடுகளில் சருகு வந்தது. ஒவ்வோர் எலிக்கும் வந்தது. தான் தோற்றதை இவ்வளவு தெளிவாக நுண்ணோக்கியில் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று நினைத்து, அவள் தன் பழைய வேகத்திலேயே அடுத்த தகட்டை எடுத்தாள்.

புது எலிகளோடு மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை கூண்டுகளைச் சீட்டுக் குலுக்கி அடுக்கினார்கள். எது எந்தக் கூட்டம் என்பது பேராசிரியருக்கு மட்டும் தெரியும். எல்லாக் கூண்டுக்கும் ஒரே அளவு ஆண் வாடை. விந்தணு எண்ணுகிறவன் வாரம் தவறாமல் மரத்தூள் பையோடு வந்து, "மாப்பிள்ளை வீட்டுலேருந்து வந்திருக்கோம்," என்று வாசலில் நின்று குரல் கொடுப்பான்.

சுழற்சி எல்லாக் கூண்டிலும் ஓடியது. படிக்கட்டு வரவில்லை. கடைசியில் சினைப்பைகளை மெல்லிய சீவல்களாகச் சீவி, எது யாருடையது என்று தெரியாமலே பார்த்தாள். ஒரு கூட்டத்தில் மட்டும் வளரும் கருமுட்டைப் பைகள் மற்றவற்றைவிடக் குறைவு. சீட்டைப் பிரித்தபோது அது அதிக அளவுக் கூட்டம். நடுத்தர அளவுக்கும் வெறும் தண்ணீருக்கும் வித்தியாசமே இல்லை. அழகில்லாத படம். தட்டையாகப் போய்க் கடைசியில் ஒரு பள்ளம்.

"இதை வரைஞ்சது யாரு?" என்றார் பேராசிரியர்.

"இந்தத் தடவை உண்மையாவே எலிங்கதான் மேடம்."

மதியம் தங்கையைக் கூப்பிட்டாள். பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு கேட்ட பேரிரைச்சல் இல்லை, எதற்குள்ளோ அடைபட்டதுபோல் அமுங்கிக் கேட்டது.

"சொல்லு அக்கா. தீர்ப்பு வந்துடுச்சா?"

"வந்திருக்கு. ஆனா முழுசா கேளு. எங்க வரைக்கும் தெரியும், எங்கேருந்து தெரியாதுன்னு ரெண்டையும் சொல்லுவேன்."

"இரு இரு," என்றாள் தங்கை. குரல் தொலைபேசியை விட்டு விலகி, அறை அதிர உயர்ந்தது. "ஏம்பா, மூடி இன்னும் முழுசா விழல. அழுத்திப் போடு!"

இரும்பு இரும்பின் மேல் பொருந்தி உட்காரும் சத்தம் கேட்டது.

"ம், இப்ப சொல்லு," என்றாள் தங்கை.